ஓர் உலை, பல இலை

கூட்டுக் குடும்பத்துக்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் 'ஏகான்னவர்த்தி'. ஒரே அன்னத்தை உண்டு வாழ்கிறவர்கள் என்பது அதன் பொருள். ஒரே கூரை என்றோ ஒரே சொத்து என்றோ அந்தச் சொல் கூறவில்லை. ஒரே சோறு என்கிறது. வங்க எழுத்தில் 'ஏகான்ன' என்று எழுதினால் அதுவே ஐம்பத்தொன்று என்ற எண்ணையும் குறிக்கும். அத்தனை பேர் இருந்தால்தான் அது குடும்பம் போலும் என்று புதிதாக அந்த மொழியைக் கற்கிற நம்மவர்க்குத் தோன்றினால் வியப்பில்லை. குடும்பம் பிரிந்துவிட்டால் அவர்கள் 'பானை வேறாயிற்று' என்பார்கள். நம் பக்கத்திலும் பாகப் பத்திரம் எழுதப்படுவதற்கு முன்பே, 'அடுப்பு இரண்டாகிவிட்டது' என்று ஊர் சொல்லிவிடும். ஆக, குடும்பம் என்பது அடுப்பைச் சுற்றி அளக்கப்படும் ஒன்று என்பதில் காவிரிக் கரைக்கும் கங்கைக் கரைக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

நாங்கள் பேசப்போவது தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி. மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் ஜாம்ஷெட்பூரிலும் இருந்து கேட்கும் நேயர்களுக்கு இது தங்கள் வீட்டுக் கதையாகவே படலாம். ஊரின் பெயரையும் காய்கறியின் பெயரையும் மாற்றிக்கொண்டால் போதும்.

1912-இல் அமைந்த கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டு, நகரின் தெற்கே சதுப்பாகக் கிடந்த நிலத்தைத் தோண்டிப் பெரிய ஏரியாக்கி, எடுத்த மண்ணைக் கொண்டு சுற்றுப்புறத்தை மேடாக்கி வீதிகள் அமைத்தது. அந்த ஏரிக்கு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டார்கள். ஏரிக்கும் காளிகட்டத்துக்கும் இடையே, ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி எழுந்த சந்தைதான் லேக் மார்க்கெட். தலைநகரம் 1911-இல் தில்லிக்குப் போய்விட்ட பிறகும் கல்கத்தாவில் கணக்காளர் அலுவலகங்களும் ரயில்வே அலுவலகங்களும் ஆங்கிலக் கம்பெனிகளும் இருந்தன. கணக்கும் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருந்தது. நிதி இலாகா உத்தியோகத்தை ஏற்று 1907-இல், பதினெட்டு வயதில், இந்நகருக்கு வந்தவர்தாம் பின்னாளில் உலகம் அறிந்த ஸர் சி. வி. இராமன். அவரும் எட்டுக் குழந்தைகள் இருந்த வீட்டில் இரண்டாவது பிள்ளை. அவரைப் போன்ற மேதைகள் அல்லர் எங்கள் முன்னோர். தட்டெழுத்துப் பொறியின் முன் உட்கார்ந்து பேரேட்டில் கூட்டல் சரிபார்த்த மனிதர்கள் அவர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். லேக் மார்க்கெட்டில் இருந்த பெரிய குடும்பம் கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தின் பெயர்த்து நட்ட நாற்று அன்று. கிராமத்தில் குடும்பம் நிலத்தினால் கட்டுண்டிருந்தது. இங்கே யாருக்கும் ஒரு காணி நிலம் கிடையாது; குடியிருந்த இரண்டரை அறையும் வாடகை அறை. ஒருவர் முதலில் வந்தார். அவருக்கு வேலை நிலைத்ததும் தம்பி வந்தான். தம்பிக்குப் பின் மைத்துனன். அப்புறம் அக்காள் மகன். அவனுக்குத் துணையாக எதிர்வீட்டுப் பிள்ளை. மெட்ராஸ் மெயிலில் ஹௌராவில் இறங்கும்போது ஒவ்வொருவனிடமும் ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு படுக்கைச் சுருளும், 'வேலை கிடைக்கும் வரை இவனைப் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதிய ஒரு கடிதமும் இருக்கும். எத்தனை நாள் என்று கடிதத்தில் இராது. வேலை கிடைத்த பிறகும் கல்யாணம் ஆகும் வரை அவன் அங்கேதான் இருப்பான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் அவன் குடும்பத்தில் ஒருவன். எதிர்வீட்டுப் பிள்ளையும் மாமா, மாமி என்று முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிடுவான்.

இரவில் பாய் விரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. தாழ்வாரம் பிரம்மசாரிகளுக்கு, உள்ளறை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வைகாசிப் புழுக்கத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும். மழை தூறினால் அத்தனை பேரும் தலையணையுடன் படியிறங்கி ஓடிவருவார்கள். யார் பாயில் யார் விழித்தெழுந்தார் என்பது காலையில்தான் தெரியும்.

காலை என்பது பெரிய வீட்டில் ஒரு சிறிய யுத்தம். அந்த யுத்தத்தின் முதல் தளவாடம் தண்ணீர். கல்கத்தாவின் குழாய் நீர் பல்தாவில் வடிகட்டப்பட்டு, 1911 முதல் டாலாவில் நிற்கும் மாபெரும் இரும்புத் தொட்டி வழியாக ஊருக்குப் பாய்கிறது. நம் வீட்டுக் குழாயில் அது குறிப்பிட்ட சில மணி நேரமே வரும். பன்னிரண்டு பேர் குளிப்பதும், துணி நனைப்பதும், அண்டாவும் தவலையும் நிரப்புவதும் அதற்குள் நடந்தாக வேண்டும். பத்து மணி அலுவலகத்துக்கு ஒன்பதுக்கே டிராம் ஏற வேண்டும் என்றால், எட்டரைக்கு இலை போட்டாக வேண்டும். எட்டரைக்கு இலை என்றால் ஐந்துக்கு முன் அடுப்பு.

அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஊரில் விறகும் வறட்டியும் பழகிய கைகளுக்கு வங்காளத்தின் 'உனுன்' புதிது. இரும்பு வாளிக்குள் களிமண் பூசிய நிலக்கரி அடுப்பு அது. கரித்தூளை மண்ணோடு பிசைந்து உருட்டி மாடியில் காயவைத்த 'குல்' உருண்டைகளும் அதற்கு இரையாகும். பற்றிக்கொள்ள அரைமணி ஆகும், அதுவரை புகை. வாசலுக்குத் தூக்கிச் சென்று பற்றவைத்து, கனல் சிவந்த பிறகே உள்ளே கொண்டுவருவார்கள். ஒரு முறை பிடித்த தணல் வீணாகக் கூடாது. ஆகவே பால், டிகாக்ஷனுக்கு வெந்நீர், பருப்பு, சாதம், குழம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் வரிசையைப் பெண்கள் முதல்நாள் இரவே மனத்தில் அமைத்து வைத்திருப்பார்கள். இண்டேன் எரிவாயுவின் முதல் இணைப்பு 1965-இல் இதே கல்கத்தாவில்தான் வழங்கப்பட்டது. ஆனால் எங்கள் அடுக்களைகளில் நீலச் சுடர் எரிவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

காப்பியிலும் தரவரிசை இருந்தது. முதல் டிகாக்ஷன் பெரியவர்களுக்கும் சம்பாதிப்பவர்களுக்கும். இரண்டாவது, வேலை தேடுகிறவர்களுக்கு. மூன்றாவதாக இறங்கும் நிறந்தெளிந்த நீர், அதை இறக்கியவளுக்கு. வேலை உத்தரவு வந்த நாளில் ஒரு பையனுக்கு முதல் டிகாக்ஷன் கிடைத்தால், அந்த உத்தரவைக் காட்டிலும் அதைத்தான் அவன் நெடுநாள் நினைவு வைத்திருப்பான்.

யுத்த காலத்தில் இந்த ஏற்பாடு ஒரு முறை குலைந்தது. 1941 கடைசியில் ரங்கூன் மீது குண்டு விழுந்த செய்தி வந்தது. 1942 டிசம்பரில் கல்கத்தாவின் மீதே விழுந்தது. பெண்களையும் குழந்தைகளையும் ஊருக்கு ரயிலேற்றிவிட்டு, உத்தியோகத்துக்காக ஆண்கள் தங்கினார்கள். அரிசியில் கல் இருக்கும் என்பதும், உப்பு தானாகக் குழம்பில் சேர்வதில்லை என்பதும் பல வீடுகளில் அப்போதுதான் ஆண்களுக்குத் தெரிய வந்தன. நாலைந்து பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். நன்றாகவே சமைத்தார்கள் என்றும் கேள்வி. பெண்கள் திரும்பி வந்ததும் அந்தக் கலை எப்படியோ அடியோடு மறந்துபோயிற்று.

பஞ்சத்துக்குப் பின் 1944-இல் நகரத்துக்கு ரேஷன் வந்தது. 1965-இல் உணவு நெருக்கடி முற்றியபோது மீண்டும் கட்டாயப் பங்கீடு வந்தது. அந்த ஆண்டில் பாலைத் திரித்துச் செய்யும் சானா மிட்டாய்களுக்கே சர்க்கார் தடை விதித்தது என்றால் நிலைமையை நீங்கள் ஊகிக்கலாம். வங்காளிக்கு ரசகுல்லா இல்லை என்பது நமக்குக் காப்பி இல்லை என்பது போல. பெரிய குடும்பத்தில் கார்டுகள் அதிகம். ஆனால் ஊரிலிருந்து நேற்று இறங்கியவனுக்குக் கார்டு ஏது? பன்னிரண்டு பேருக்கு அளந்த அரிசி பதினான்கு பேருக்கு உலையேறிற்று. அரிசி குறைந்து கோதுமை கூடிய வாரங்களில், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியிடம் ரொட்டி இடக் கற்றுக்கொண்டார்கள் நம் பெண்கள். பதிலுக்கு இட்லி மாவு அந்த வீட்டுக்குப் போயிற்று. சிநேகம் அப்படித்தான் சுவர் தாண்டியது.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இது வறண்ட விஷயம் என்று அஞ்ச வேண்டாம். நம் அடுக்களைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வங்காளத்து ஹிந்துக் குடும்பங்கள் ஜீமூதவாகனரின் தாயபாகத்தைப் பின்பற்றின. நாம் விஞ்ஞானேசுவரரின் மிதாக்ஷரத்தைச் சேர்ந்தவர்கள். மிதாக்ஷரத்தின்படி மகன் பிறக்கும்போதே பூர்விகச் சொத்தில் பங்குடன் பிறக்கிறான். தாயபாகத்தில் தகப்பனார் இருக்கும் வரை பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. ஒரு குடும்பம் வேறு மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தால் தன் சட்டத்தையும் கூடவே கொண்டுபோகிறது என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஆகையால் ஒரே மாடிப் படியில் ஏறி இறங்கிய இரண்டு குடும்பங்கள் இருவேறு சட்டங்களின் கீழ் வாழ்ந்தன.

இதைவிட முக்கியமானது 1930-இல் வந்த ஒரு சட்டம். குடும்பப் பணத்தில் படித்திருந்தாலும், படிப்பினால் ஒருவன் ஈட்டும் பொருள் அவனுக்கே சொந்தம் என்று அது வரையறுத்தது. எங்கள் வீடுகளில் வந்ததெல்லாம் படிப்பினால் வந்த சம்பளந்தான். அதாவது, மாதம் முதல் தேதி சம்பளக் கவரைக் கொண்டுவந்து மூத்தவர் கையிலோ மன்னி கையிலோ கொடுக்கும்படி எந்தச் சட்டமும் தம்பியைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் கொடுத்தான். அதிலிருந்து வாடகை போயிற்று. ஊரில் இருக்கும் தாய்க்கு மணியார்டர் போயிற்று. இன்னும் வேலை கிடைக்காதவனின் டிராம் செலவு போயிற்று. நிலம் கட்டிவைக்காத குடும்பத்தை மனம் கட்டிவைத்தது. கிராமத்துப் பெரிய குடும்பத்தைவிட இதை உயர்வாக மதிக்க வேண்டும் என்று நாங்கள் கருதுவது இந்தக் காரணத்தால்தான். பிரிந்துபோக வழி இருந்தும் பிரியாதவர்கள் சேர்ந்து இருந்தார்கள்.

ஆனால் வழி இருந்தது யாருக்கு? சம்பளம் கொடுத்தவனுக்கு இருந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு இருந்ததா? பதினெட்டு வயதில், தஞ்சாவூர்ச் சீமைக் கிராமத்திலிருந்து, மொழி தெரியாத ஊருக்கு வந்து இறங்கிய மருமகளை, பன்னிரண்டு பேருக்குச் சமைக்கச் சம்மதமா என்று எவரும் கேட்கவில்லை. தம்பி கொடுத்த ரூபாய் கணக்குப் புத்தகத்தில் ஏறிற்று. அவள் கொடுத்த காலை ஐந்து மணி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. முதல் பந்தி அலுவலகத்துக்கு. இரண்டாம் பந்தி பள்ளிக்கூடத்துக்கு. மூன்றாம் பந்தி முதியவர்களுக்கு. பகல் இரண்டு மணிக்கு மேல், மிஞ்சிய குழம்புக்குத் தக்கபடி, அவளுக்கு. பெரிய குடும்பத்தின் இன்பத்தைப் பற்றி நாம் கேட்டிருக்கும் பேச்செல்லாம் முதல் இரண்டு பந்திகளில் உட்கார்ந்தவர்கள் சொன்னவை என்பதை மறந்துவிடக் கூடாது.

பாரதியார் கல்கத்தாவில் நிவேதிதா தேவியைச் சந்தித்த செய்தி யாவரும் அறிந்தது. மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் கேட்டதாகவும், அந்தக் கேள்வி கவியின் உள்ளத்தை மாற்றிவிட்டதாகவும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1908-இல் வெளியான 'ஸ்வதேச கீதங்க'ளை அவர் நிவேதிதைக்கே சமர்ப்பித்தார். அந்தக் கேள்வி இந்த நகரத்தில் கேட்கப்பட்டது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் மனைவியை அழைத்துவந்தால் மட்டும் போதுமா, அழைத்து வந்து எங்கே நிறுத்தினோம் என்பது அடுத்த கேள்வி.

2019-இல் மத்திய சர்க்காரின் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் விசாரித்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் நூறு பெண்களில் 81 பேர் ஈடுபடுகிறார்கள்; ஆண்களில் 26 பேர்தாம். ஈடுபடுகிற பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிடுகிறாள்; ஈடுபடுகிற ஆண் 97 நிமிஷம். உனுன் போய், குழாயில் தண்ணீர் கூடி, மாவரைக்க மின்சார யந்திரம் வந்த பிறகு எடுத்த கணக்கு இது. எங்கள் பாட்டிமார் காலத்தில் எடுத்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொத்தில் பெண்ணுக்குப் பங்கு மெல்லத்தான் வந்தது. 1956 வாரிசுச் சட்டம் கொஞ்சம் கொடுத்தது. 1989-இல் தமிழ்நாடு தன் எல்லைக்குள் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை அளித்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று. வேலையில் ஆணுக்குச் சமபங்கு அளிக்கும் சட்டம் எந்தச் சபையிலும் வரப்போவதில்லை. அதை வீட்டுக்குள்தான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால், பெரிய குடும்பம் ஒழிந்தது நல்லதே என்று நாங்கள் சொல்வதாக எண்ண வேண்டாம். ஒழிந்ததனால் நேர்ந்த நஷ்டம் ஒன்று உண்டு. வெளி மாநிலத்தில் வாழும் நம் அனைவருக்கும் அது பொதுவானது. தமிழைச் சொல்கிறோம்.

பெரிய வீட்டில் குழந்தைகள் தமக்குள் வங்காளியில் சண்டையிட்டுக்கொள்வார்கள். பாட்டியிடம் வழக்குரைக்கும்போது தமிழுக்கு மாற வேண்டும், ஏனெனில் பாட்டிக்கு வங்காளி தெரியாது. வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்றால் நல்ல தமிழ் வேண்டும்! அவ்வளவு கண்டிப்பான பள்ளிக்கூடம் வேறில்லை. சித்தப்பா கேலிக்கு ஒரு தமிழ், அத்தை தாலாட்டுக்கு ஒரு தமிழ், ஊரிலிருந்து புதிதாக வந்த அண்ணன் அவிழ்த்துவிடும் புதுப் பேச்சு ஒன்று என்று மொழி பல வாயிலிருந்து வந்தது. நவராத்திரியில் தெருவெங்கும் துர்க்கையின் பந்தல், வீட்டில் கொலு. அந்த ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்தால், வங்காளிகளின் சரஸ்வதி பூஜை வஸந்த பஞ்சமியில் வரும்; அன்றும் புத்தகத்தைத் தொடக் கூடாது. அந்தப் பூஜை ஆகும் வரை இலந்தைப் பழமும் தின்னக் கூடாது என்பது இந்நாட்டுப் பிள்ளைகளின் கட்டுப்பாடு. எங்கள் பிள்ளைகள் படிக்காமல் இருக்கும் சலுகையை இரண்டு முறையும் ஏற்றுக்கொண்டார்கள்; இலந்தைப் பழத்தைப் பற்றிய விதியைப் பின்பற்றினார்களா என்பது வேறு விஷயம்.

இன்று அந்தப் பாட்டிகள் இல்லை. தாயும் தந்தையும் ஒரு பிள்ளையும் உள்ள வீட்டில், தமிழ் பேச இருவர், பதில் சொல்ல ஒருவர். அந்த ஒருவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் மேற்கு வங்கத்தில் 1.6, தமிழ்நாட்டில் 1.8. சித்தப்பாவும் அத்தையும் இனிச் சொல்லகராதியில் மட்டுமே இருப்பார்கள் போலும்.

லேக் மார்க்கெட்டின் பழைய சந்தைக் கட்டடம் போய், அந்த இடத்தில் பல மாடி வணிக வளாகம் நிற்கிறது. வாடகை வீடுகள் பல இடிந்து அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள்; முதியவர்கள் இரண்டு பேர், மூன்று படுக்கையறை. ஆயினும் சில வீடுகளில் புதிதாக ஒரு சேர்க்கை நடக்கக் காண்கிறோம். மகனும் மருமகளும் இருவரும் வேலைக்குப் போக, பெற்றோர் வந்து சேர்கிறார்கள். சில இடத்தில் வந்து சேர்வது மருமகளின் பெற்றோர். இதை அக்காலத்தார் கேட்டிருந்தால் திகைத்திருப்பார்கள். இந்த வீடுகள் சிலவற்றில் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: திங்கள் காய் நறுக்குவது யார், பாத்திரம் கழுவுவது யார், ஞாயிறு இரவு அடுப்புக்கு விடுமுறை. தாத்தாவின் பெயரும் அதில் உண்டு. ஓய்வு பெற்ற தாத்தா பில்டரில் டிகாக்ஷன் இறக்குகிறார். முதல் டிகாக்ஷனை, அலுவலகத்துக்குக் கிளம்பும் மருமகளுக்குக் கொடுக்கிறார். பெரியவருக்கு அது எளிதில் வந்ததன்று என்பதை அந்தத் தாளில் அடித்துத் திருத்திய இடங்கள் காட்டும். பேரக் குழந்தைக்கு வழக்குரைக்கத் தமிழ் தெரிந்த ஒரு நீதிபதி கிடைத்திருக்கிறார்.

சந்தையைச் சுற்றிய நடைபாதைக் கடைகளில் இன்றும் மல்லிகைச் சரமும், கறிவேப்பிலையும், புதிதாய் அரைத்த காப்பிப் பொடியும், அப்பளமும் கிடைக்கின்றன. பொங்கலுக்கு முன்தினம் வாழையிலை விற்கும் வங்காளி, நம் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்பார், எத்தனை இலை என்று. நாலு என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் பலர். மேல்மாடியில் தனியாக இருக்கும் பெரியவரையும், எதிரே புதிதாகக் குடிவந்திருக்கும் மதுரைப் பையன்கள் மூவரையும் நினைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, எட்டு என்று திருத்திச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.